பாலோத்ரா பாப்ளின்: வெளிர் நிறம் வாங்கலாம், அடர் நிறம் சோதித்த பிறகு

ராஜஸ்தானில் லூனி ஆற்றங்கரையில் உள்ள பாலோத்ராவிலிருந்து உள்பாவாடைக்கும் நைட்டிக்கும் பாப்ளின் நாடெங்கும் போகிறது. விலைக்கு நல்ல துணிதான். வெள்ளையும் வெளிர் நிறங்களும் நம்பி எடுக்கலாம். கருஞ்சிவப்பு, கருநீலம், கறுப்பு என்றால் அரை மீட்டர் வெட்டி வாங்கிச் சோதித்த பிறகு மீதியை எடுப்பது நல்லது.

பாலோத்ராவின் பலம் நெசவை விடச் சாயத்திலும் அச்சிலும்தான். வெளுக்காத காடா துணி வந்ததும் கஞ்சி நீக்கி, கஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, ஜிக்கர் என்ற உருளைத் தொட்டியில் சாயமேற்றி, ஸ்டென்டர் என்ற சூடான இயந்திரத்தில் அகலம் பிடித்துக் காயவைக்கிறார்கள். கடையில் நாம் தடவிப் பார்க்கும் கனம் பல நேரம் கடைசியில் ஏற்றிய கஞ்சி. நீர் கலந்த டிங்சர் அயோடின் ஒரு சொட்டைத் துணி ஓரத்தில் விட்டால், ஸ்டார்ச் இருக்கும் இடம் கருநீலமாகும். திட்டு மிக அடர்த்தியாக வந்தால் முதல் துவைப்புக்குப் பிறகு துணி தொளதொளவென்று ஆகிவிடும்.

அச்சுத் துணியில் கவனிக்க வேண்டியது காரம். ரியாக்டிவ் சாயம் (நூலோடு வேதிப் பிணைப்பால் ஒட்டும் சாயம்) கொண்ட அச்சை, சோடியம் சிலிகேட் என்ற காரப் பொருளைப் பூசி நிலைநிறுத்தும் முறை ராஜஸ்தான் பட்டறைகளில் உண்டு. அதை முழுதாக அலசாமல் விட்டால் துணி விறைப்பாக இருக்கும், வேர்வை பட்டால் அரிக்கும். வெளிர் நிற இடத்தை நனைத்து, அதில் மஞ்சள் கரைத்த நீரைத் தொட்டு வையுங்கள். மஞ்சள் சிவந்தால் காரம் மிச்சமிருக்கிறது. இருமுறை வெந்நீரில் அலசி, கடைசி அலசலில் ஒரு வாளிக்கு இரண்டு தேக்கரண்டி வினிகர் விட்டால் போய்விடும்.

சுருக்கத்துக்கு 50 செ.மீ. சதுரம் குறித்து, வெந்நீரில் துவைத்து உலர்த்தி அளக்க வேண்டும். 2.5 செ.மீ. குறைந்திருந்தால் 5 சதவீதம். நைட்டிக்கு 3 மீட்டர் கணக்கு என்றால் 15 செ.மீ. போய்விடும். நனைத்து உலர்த்தாமல் வெட்டக் கூடாது.

இனி அடர் நிறத்துக்கு வருவோம். ரியாக்டிவ் சாயம் நூலில் முழுதாகப் பிடிப்பதில்லை. பிடிக்காத பங்கைக் கொதிநிலைக்கு அருகில் சோப்பு நீரில் கழுவி எடுக்க வேண்டும், பிறகு பலமுறை அலச வேண்டும். தண்ணீரை மிச்சம் பிடிக்கும் பட்டறையின் துணி, நனைந்த வெள்ளைத் துணியால் தேய்த்தாலே சாயம் விடும். இந்தத் துணியின் தரம் எத்தனை தண்ணீர் ஓடியது என்பதைப் பொறுத்தது, அந்த ஊரிலோ தண்ணீர்தான் இல்லை.

தண்ணீரோடு உப்பும் போகிறது. சாயம் நூலில் ஏறுவதற்காக உப்பைச் சேர்க்கிறார்கள், அது கழிவுநீரில் அப்படியே மிஞ்சும். கணக்காகவே பார்க்கலாம். சாயக் குளியலில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு, 100 கிலோ துணிக்கு 500 லிட்டர் என்றால் 30 கிலோ உப்பு. மீட்டர் 100 கிராம் எடையுள்ள பாப்ளினில், 3 மீட்டர் பிடிக்கும் ஒரு அடர் நிற நைட்டிக்கு 90 கிராம் உப்பு கழிவுநீரில் போகிறது. வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 20 கிராம் போதும், அதனால் மூன்றில் ஒரு பங்குதான்.

பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு, படிகாரம், நுண்ணுயிர் எல்லாம் நிறத்தையும் அழுக்கையும் குறைக்கும். கரைந்த உப்பை அவை தொடுவதில்லை. அதற்கு நீரை அழுத்தி மென்சவ்வில் வடிக்கும் ஆர்.ஓ. வேண்டும், அது ஒதுக்கும் செறிநீரைக் காய்ச்சி உப்பாக எடுக்கும் ஆவியாக்கியும் வேண்டும். அதில்தான் செலவு கூடுகிறது. பாலைவன வெயிலில் குளம் கட்டி உலர்த்தினால் போதுமே என்று தோன்றும். உலர்த்தினாலும் உப்பும் சேறும் அங்கேயே கிடக்கும், குளத்தின் அடியில் போட்ட விரிப்பு கிழிந்தால் நிலத்தடிக்கு இறங்கும்.

லூனி மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறு. மற்ற மாதங்களில் கழிவை நீர்த்துப்போகச் செய்ய வெள்ளம் கிடையாது. அது மணலில் தேங்கி, கிணறுகளுக்குப் போகிறது. மழை வந்தால் மொத்தமாக அடித்துக்கொண்டு கீழே உள்ள வயல்களில் ஏறுகிறது. பழி முழுவதையும் பாலோத்ரா மேல் போடுவதும் நியாயமில்லை. மேலே ஜோத்பூரின் கழிவு ஜோஜரி ஆறு வழியாகவும் பாலி நகரின் கழிவு பாண்டி ஆறு வழியாகவும் இதே ஆற்றில்தான் சேர்கின்றன. ஜோஜரி மாசை உச்ச நீதிமன்றம் 2025இல் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. அருகிலுள்ள தில்வாராவில் இதே ஆற்றின் வறண்ட படுகையில்தான் மல்லிநாத் மாட்டுச் சந்தை கூடுகிறது. மாடுகளுக்கும் ஒட்டகங்களுக்கும் அந்த மணலடி நீர் நல்லதாக இருந்தாக வேண்டும்.

மொத்தமாக எடுக்கும் கடைக்காரர்கள், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க அனுமதி நகலைக் கேளுங்கள். கழிவுநீர் மீட்டர் அளவும் சுத்திகரிப்பு நிலையக் கட்டண ரசீதும் சாயமிட்ட மீட்டர் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். துணி ஓடிய மாதத்தில் கழிவுநீர் அளவு மிகக் குறைவு என்றால், ஒன்று அலசவில்லை, இல்லை வேறெங்கோ விட்டிருக்கிறார்கள். இரண்டிலும் அந்தச் சரக்கு வேண்டாம்.