மாடு கறக்கும்போது கேட்கும் பாட்காஸ்டுகள்: சில சீசன் அனுபவம்

நியூசிலாந்தின் வைக்காட்டோ பகுதியில், மோரின்ஸ்வில் பக்கத்தில் ஒரு பால் பண்ணையில் வேலை பார்க்கிறேன். இந்த நாட்டில் சராசரி மந்தையே 440 மாடுகளுக்கு மேல். மாடுகள் ஏறிச் சுற்றிவரும் மேடை உள்ள ரோட்டரி செட்டில் நின்று, மடியில் கறவை இயந்திரத்தின் கப் மாட்டத் தொடங்கினால் கைக்கும் கண்ணுக்கும் ஓய்வே கிடையாது. காது மட்டும் சும்மா இருக்கும். முன்பெல்லாம் பாட்டு கேட்பேன். இப்போது சில சீசன்களாகப் பண்ணைத் தொழில் பாட்காஸ்டுகள்தான். வெளிநாட்டுப் பண்ணைகளில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கும், ஊரில் மாடு வைத்திருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் விடாமல் கேட்பது ‘டாக்கிங் டெய்ரி’. இதை வெளியிடும் டெய்ரிஎன்இசட், பால் விவசாயிகள் ஒவ்வொரு கிலோ பால் திடப்பொருளுக்கும் (பாலில் உள்ள கொழுப்பும் புரதமும்) கட்டும் தொகையில் நடக்கிற அமைப்பு. தீவனமோ மருந்தோ விற்பது அவர்கள் வேலை இல்லை. அதனால் அவர்கள் சொல்வதை நம்பிக் கேட்க முடிகிறது. ஆராய்ச்சியாளர்களோடு பண்ணைக்காரர்களையும் உட்காரவைத்துப் பேசுவது இன்னொரு பலம். தன் பண்ணைக் கணக்கை ஒரு விவசாயி வாய்விட்டுச் சொல்லும்போது கிடைக்கும் தெளிவு, கையேட்டைப் படிக்கும்போது எனக்குக் கிடைப்பதில்லை.

எனக்கு இதனால் என்ன லாபம்? பண்ணையில் ‘இதைச் செய்’ என்று சொல்வார்கள். காரணம் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அந்தக் காரணத்தைத்தான் இந்த நிகழ்ச்சிகளில் தெரிந்துகொண்டேன்.

ஒரு உதாரணம். இங்கே ஜூலை, ஆகஸ்டில் மந்தை மொத்தமும் கன்று போடும். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே சினை மாடுகள் மேயும் புல்லில் மெக்னீசியம் ஆக்சைடைத் தூவுவோம். கன்று போட்ட பிறகு, சீம்பால் கறக்கும் மாடுகளுக்குச் சுண்ணாம்புக்கல் மாவும் சேரும். ஆனால் சினை மாட்டுப் பக்கம் அந்த மாவைக் கொண்டுபோகவே கூடாது. ஏன்? கன்று போட்டதும் ரத்தத்தில் உள்ள கால்சியம் பாலுக்குப் போய்விடும். அதை ஈடுகட்ட, எலும்பில் இருக்கும் கால்சியத்தை எடுத்துக்கொடுக்க உடம்பு தயாராக இருக்க வேண்டும். முன்கூட்டியே கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால் உடம்பு அந்த வேலையைத் தொடங்காது. ரத்தத்தில் கால்சியம் குறைந்து, பால் காய்ச்சல் என்று சொல்லும் நோயில் மாடு படுத்துவிடும். அந்த வேலை சரியாக நடக்க மெக்னீசியம் வேண்டும்.

இது புரிந்த சமயத்தில்தான் நாமக்கல்லில் இருந்து அப்பா போனில் கேட்டார்: “செவலைக்கு இன்னும் பத்து நாள்ல கன்னு போடற மாதிரி இருக்குது. இப்பவே கால்சியம் டானிக் ஊத்தலாமா சாமி?” ஊரில் பலரும் அப்படித்தான் ஊற்றுகிறார்கள். “வேண்டாங்கப்பா, கன்னு போட்டப்புறம் பாத்துக்கலாம். எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க” என்றேன். காரணத்தைச் சொன்னதும் அவருக்கு உடனே பிடிபட்டது. மாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. இந்த ஒரு கணக்கை அவரிடம் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

கோடை முடியும்போது வைக்காட்டோவில் பெரிய கவலை ஃபேஷியல் எக்சிமா. காய்ந்த புல் சருகில் வளரும் பூஞ்சையின் நச்சு மாட்டின் ஈரலைக் கெடுக்கும். வெயில் பட்ட இடத்தில் தோல் உரிவது கண்ணுக்குத் தெரியும் அறிகுறி. ஆனால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் ஈரல் கெட்டுப்போகும் மாடுகள்தான் அதிகம். வந்த பிறகு வைத்தியம் இல்லை. முன்கூட்டியே துத்தநாகம் கொடுப்பதுதான் வழி. இதில் இரண்டு விஷயம் என் மனதில் பதிந்துவிட்டது. மாட்டின் எடையைக் குறைத்து மதிப்பிட்டால் மருந்து போதாமல் போகும். தண்ணீர்த் தொட்டியில் கலந்துவிட்டதோடு நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது, மழை நாளில் மாடு தொட்டிப் பக்கம் அதிகம் வராது. இப்போது பகுதிவாரியாக வாராவாரம் வரும் பூஞ்சை வித்து எண்ணிக்கையை நானே பார்க்கிறேன், முதலாளியிடமும் நானே பேச்செடுக்கிறேன்.

விலை நிலவரத்துக்கு ‘தி கன்ட்ரி’. வார நாட்களில் மதியம் ரேடியோவில் போவது, பாட்காஸ்டாகவும் கிடைக்கும். தொகுப்பாளர் ஜேமி மெக்கையின் கேள்விகள் நேராக விஷயத்துக்கு வரும். நம்மூர் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்து லிட்டருக்கு விலை போடுவார்கள். இங்கே கொழுப்பும் புரதமும் சேர்ந்த பால் திடப்பொருள் கிலோவுக்குத்தான் விலை. மாதம் இருமுறை நடக்கும் குளோபல் டெய்ரி டிரேட் ஏலத்தில் பால் பவுடர் என்ன விலைக்குப் போகிறது என்பதை எல்லோரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள். 2023 ஆகஸ்டில், இங்குள்ள பெரிய பால் கூட்டுறவு நிறுவனமான ஃபொன்டெரா, கிலோவுக்குத் தரப்போகும் விலையின் மதிப்பீட்டை 8 டாலரில் இருந்து 7 டாலருக்கும், அதே மாதத்தில் 6.75 டாலருக்கும் இறக்கியது. கடைசியில் அந்த சீசனுக்குக் கொடுத்தது 7.83. இடைப்பட்ட மாதங்களில் பண்ணைகளில் ஏன் ஒவ்வொரு செலவையும் யோசித்து யோசித்துச் செய்தார்கள் என்பது இதைக் கேட்டு வந்ததால்தான் எனக்குப் புரிந்தது. ஆனாலும் விலைச் செய்தி என் வேலையை மாற்றப்போவதில்லை. தினமும் கேட்க வேண்டியதில்லை, ஏலம் முடிந்த மறுநாள் கேட்டால் போதும்.

நியூசிலாந்தின் பொது வானொலியான ஆர்என்இசட்டின் ‘கன்ட்ரி லைஃப்’ வேறு வகை. கிராமத்து மனிதர்களைத் தேடிப்போய்ப் பேசும் நிகழ்ச்சி. தொழில்நுட்பம் குறைவு. இந்த நாட்டு ஜனங்களைப் புரிந்துகொள்ள எனக்கு இதுதான் உதவியது, ஆங்கில உச்சரிப்புக்கும் காது பழகியது.

மனதில் பட்ட குறையையும் சொல்ல வேண்டும். இந்தப் பாட்காஸ்ட் உலகத்தில் பேச்செல்லாம் பெரும்பாலும் பண்ணை உரிமையாளரை நோக்கியே போகிறது. ‘உங்கள் ஆட்களை எப்படித் தக்கவைப்பது’ என்று நிறைய பேசுகிறார்கள். அந்த ஆளின் வாயால் கேட்பது அரிது. இரண்டு நாளைக்கு மூன்று முறை மட்டும் கறக்கும் முறையைப் பற்றிய பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பால் அளவு, மாட்டின் நடை, உடல் நிலை எல்லாம் அலசுவார்கள். விடியலுக்கு முன் எழுந்து கப் மாட்டும் எங்களுக்கு அதில் கிடைக்கும் தூக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் ஒருவர் மைக் முன்னால் விரிவாகப் பேச வேண்டும். செட்டில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ், இந்தியா என்று வெளியிலிருந்து வந்தவர்களாக இருக்கும் பண்ணைகளை எனக்குத் தெரியும். எங்களுக்கென்று எளிய ஆங்கிலத்தில் சின்னச் சின்னப் பகுதிகள் வந்தால் மந்தைக்கும் நல்லது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். கப் நழுவும்போது காற்று இழுக்கும் ‘ஸ்ஸ்’ சத்தமும், கூட ஆள் கூப்பிடும் குரலும் கேட்டாக வேண்டும். மாடு பிடிக்கும் நேரத்திலும் குவாட் பைக்கிலும் அறவே வேண்டாம். வெளியான வரிசையில் கேட்பதைவிடப் பழைய பகுதிகளைப் பருவம் பார்த்துத் தேடி எடுப்பது நல்லது. கன்று போடும் காலம், சீம்பால், மெக்னீசியம் பற்றியதை ஜூனிலேயே கேட்டுவிடுங்கள். ஜூலை பிறந்துவிட்டால் கேட்டதை யோசிக்கக்கூட நேரம் இருக்காது.