ரோடு வருகிறது என்றார்கள், என் மனைமேல்தான் வருகிறது

ஓசூர்ப் பக்கம் மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்களும், கொடுத்துவிட்டுக் கிரயத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். விற்றவர் பெயரையும் மனைப்பிரிவின் பெயரையும் எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன்; இப்போது பெயர் வேண்டாம் என்கிறார் வழக்கறிஞர்.

நான் தர்மபுரிக்காரன். பதினெட்டு ஆண்டுகளாக ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போய், மனைவியின் நகைகளை அடகு வைத்து, பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியையும் எடுத்து 1,200 சதுர அடி மனை ஒன்றை 11 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு காலத்தில் ராகி விளைந்த கொல்லை அது. மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் நட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு புளியமரம். அதன் நிழலில் நிறுத்தி வைத்துத்தான் தரகர் பேசுவார்.

“அண்ணா, மாஸ்டர் பிளானில் இந்தப் பக்கம் அறுபது அடி ரோடு வருகிறது. வந்துவிட்டால் விலை இரண்டு மடங்கு. அப்புறம் நீங்கள் கேட்டாலும் கிடைக்காது.”

வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு படத்தையும் காட்டினார். அதில் ரோடு அழகாக வளைந்து போனது. பக்கத்தில் பள்ளிக்கூடம், பூங்கா, இரண்டு தென்னைமரம். மனைகளெல்லாம் ரோட்டுக்கு வழிவிட்டு நல்ல பிள்ளைகளாக ஒதுங்கி நின்றன.

அவர் சொன்னதில் பொய் இல்லை. ரோடு வருவது உண்மைதான். வாஸ்து பார்த்து அவர் வாயாரப் புகழ்ந்த கன்னி மூலையில் நுழைந்து, வடக்கு எல்லையில் வெளியேறுகிறது.

இது எனக்குத் தெரிந்தது பதிவு முடிந்து ஓராண்டு கழித்து, வீடு கட்ட அனுமதி கேட்ட மனு திரும்பி வந்தபோது. காரணம் புரியாமல் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையானவர். மேசை முழுக்க வரைபடத்தை விரித்து, சுருண்டுகொண்ட ஒரு முனையில் முத்திரை மைப்பெட்டியையும் மறுமுனையில் தன் சாப்பாட்டு டப்பாவையும் வைத்தார். எறும்பு ஊர்ந்ததுபோல் சர்வே எண்கள். என் எண்ணைக் கேட்டு, பேனா முனையை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். அந்த இடம் பச்சை. விவசாயப் பகுதி. அந்தப் பச்சையின் நடுவே இணையாக இரண்டு புள்ளிக்கோடுகள். “இது உத்தேசச் சாலை. உங்கள் மனையில் பாதிக்கு மேல் இதற்குள் இருக்கிறது” என்றார்.

நான் கிரயப் பத்திரத்தை நீட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

மாஸ்டர் பிளான் என்றால் ஊர் எப்படி வளர்ந்தால் நன்றாயிருக்கும் என்று யாரோ வரைந்த ஆசைப் படம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது சட்டம். அரசு ஆவணங்களில் அதற்கு முழுமைத் திட்டம் என்று பெயர். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 அதற்கு ஆதாரம். எங்கே வீடு, எங்கே கடை, எங்கே ஆலை, எது விவசாயத்துக்கு, எந்த வழியாகப் பெரிய சாலை என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானிப்பது 17ஆவது பிரிவின்படி. வரைவைத் தயாரித்ததும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவித்து, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தரவேண்டும் என்பது 26ஆவது பிரிவு. பிறகு அரசு ஒப்புதல் தருகிறது. நடைமுறைக்கு வந்தபின் அதற்கு மாறாகத் தனியார் யாரும் நிலத்தைப் பயன்படுத்த முடியாது என்கிறது 47ஆவது பிரிவு.

அந்த இரண்டு மாதமும் கொல்லைக்காரர் ராகி அறுத்துக்கொண்டிருந்திருப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். திட்டத்தின் மேலும் எனக்குக் கோபமில்லை. ஓசூரில் காலை ஷிப்டுக்கு ஒருநாள் பஸ்ஸில் போய்ப் பாருங்கள், சாலைக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். என் கோபமெல்லாம், ரோடு போகும் தடம் தெரிந்திருந்தும் படத்தில் அதை நாலு மனை தள்ளி வரைந்தவர்மேல்தான்.

பதிவு எப்படி ஆனது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அனுமதி இல்லாத மனைகளைப் பதியக் கூடாதுதான். ஆனால் 2016 அக்டோபர் 20க்கு முன்பே வீட்டுமனை என்று ஒருமுறை பதிவாகியிருந்தால் மறுபடி பதிய அந்தத் தடை இல்லை. என் மனை 2014இல் ஒருவர் பெயரில் பதிவானது. மூலப் பத்திரம் சரி, வில்லங்கச் சான்று சுத்தம், பட்டாவும் என் பெயருக்கு மாறிவிட்டது. ஒன்றிலும் புள்ளிக்கோடு இல்லை. தரகர் காட்டிய “பஞ்சாயத்து அப்ரூவல்” வேறு இருந்தது: ஒரு ரப்பர் முத்திரை, ஒரு பச்சை மைக் கையெழுத்து. ஊரமைப்புத் துறையின் அனுமதி இல்லாமல் மனைப்பிரிவுக்கு அது செல்லாது.

அனுமதி இல்லாத மனையை வரன்முறைப்படுத்தலாமே என்றார் அண்ணன் மகன். அதற்கான 2017ஆம் ஆண்டு விதிகளைப் படித்துப் பார்த்தோம். முழுமைத் திட்டத்தின் உத்தேசச் சாலையில் சிக்கிய மனைக்கு அந்தச் சலுகை கிடையாது.

மிச்சம் இருப்பது 38ஆவது பிரிவு. ஒதுக்கிய நிலத்தை மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால் அது ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். என் விஷயத்தில் அது பொருந்துமா என்று வழக்கறிஞர் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பொருந்தினாலும் புள்ளிக்கோடுதான் போகும், பச்சை போகாது. அதற்கு நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்டுத் தனி மனு, தனிக் கட்டணம், தனி அலைச்சல். நகைக்கு வட்டி அதுபாட்டுக்கு ஓடுகிறது.

தரகர் போனை எடுப்பதில்லை. விற்றவர் ஒருமுறை எடுத்தார். “ரோடு வருகிறது என்று சொல்லித்தானே விற்றோம்?” என்றார்.

அதே இடத்தில் இன்னும் சில மனைகளுக்கு அட்வான்ஸ் வாங்கியிருப்பதாகக் கேள்வி. கொடுத்தவர்கள் விற்பவரின் படத்தை வீட்டில் வைத்துவிட்டு, சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போங்கள். என்ன நிறம், உத்தேசச் சாலை உண்டா என்ற இரண்டு கேள்வி போதும். வாய்ப்பதில் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு; 30 நாளில் பதில் தரவேண்டும். அதுவரை கிரயத் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். “முகூர்த்தம் தவறிவிடும் அண்ணா” என்பார் தரகர். என்னிடமும் சொன்னார்.