ஸ்லோ குக்கரா, பிரஷர் குக்கரா?

கடலூரில் எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. பிரஷர் குக்கருக்குள் சூடு சுமார் 120 டிகிரி வரை ஏறுவதால், ஊறிய கொண்டைக்கடலை அரை மணிக்குள் வெந்துவிடும். மின்சாரத்தில் மிதமான சூட்டில் மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கர் 100 டிகிரியைத் தாண்டாது. ஆறேழு மணி நேரம் இழுக்கும்.

ஆனால் ஸ்லோ குக்கரில் ஆட்டெலும்பு, சின்ன வெங்காயம், மிளகு, இஞ்சி, பூண்டு போட்டு இரவு மூடிவைத்துப் பாருங்கள். காலையில் கறி எலும்பை விட்டுத் தானே கழன்று வரும், விசில் எண்ணும் வேலையும் இல்லை. ஆவி அதிகம் போகாது, தண்ணீரைக் குறைத்தே ஊற்றுங்கள். முதல் தடவை நான் வைத்த குழம்பை ரசமாகத்தான் குடித்தோம்! ராஜ்மா என்றால் ஊறவைத்து, வேறு தண்ணீரில் 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே இதில் போட வேண்டும். இல்லாவிட்டால் அதன் நச்சு போகாது.

எங்கள் ஊர் முதுநகரில் கிடைக்கும் வஞ்சிர மீனுக்கு? இரண்டுமே வேண்டாம், மண்சட்டிதான்.