தாம்பெரேயில் ஒரு பருவம்: ஃபின்லாந்தில் இதழியல் பரிமாற்றப் படிப்பு எப்படி?

பரிமாற்ற மாணவராக வெளிநாட்டுக்குப் போய் இதழியலும் தொடர்பியலும் படிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது நான் போனது ஃபின்லாந்தின் தாம்பெரேக்கு. இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவில் இருக்கும் பழைய ஆலை நகரம் அது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேமரா, எடிட்டிங், நேரலை என்று கைவேலை கற்றுக்கொள்வதுதான் உங்கள் நோக்கம் என்றால் வேறு நாடு பாருங்கள். அரசாங்கத்தின் காகிதங்கள் எல்லாருக்கும் திறந்திருக்கும் ஊரில் செய்தியாளரின் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசை இருந்தால், தயங்காமல் போங்கள்.

காரணம் எளிது. அங்கே செய்தி அறைகள் ஃபின்னிஷ் மொழியில் இயங்குகின்றன, அதனால் செய்தி எழுதும் பயிற்சி வகுப்புகளும் பெரும்பாலும் அந்த மொழியில்தான். நமக்கு ஆங்கிலத்தில் கிடைப்பவை அதிகமும் ஊடகக் கொள்கை, ஆய்வு, நெறிமுறை சார்ந்த பாடங்கள். படித்துவிட்டு வரச் சொல்வார்கள், வகுப்பில் பேசச் சொல்வார்கள், அப்புறம் நீளமான கட்டுரை கேட்பார்கள். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பழக எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. ஃபின்லாந்தில் இதழியல் கல்வி 1925இல் ஹெல்சின்கியில் ஒரு கல்வி நிறுவனத்தில் தொடங்கி, 1960இல் அந்த நிறுவனத்தோடு தாம்பெரேக்கு வந்தது, ஆக நூற்றாண்டுப் பழக்கம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவர்களுடைய பத்திரிகையாளர் நெறிமுறையில் உள்ள ஒரு விதி. பேட்டி கொடுத்தவர், தான் சொன்னதாக வரப்போகும் வரிகளை வெளியாகும் முன் பார்க்க வேண்டும் என்று கேட்டால், நேரம் அனுமதிக்கும் வரை காட்ட வேண்டும். அவருடைய வரிகளை மட்டும்தான், முழுக் கட்டுரையையும் அல்ல. எதை வெளியிடுவது என்ற முடிவு ஆசிரியர் குழுவின் கையை விட்டுப் போகக் கூடாது என்பதும் அதே நெறிமுறையில் இருக்கிறது. வகுப்பு வேலைக்காக நான் பேட்டி கண்ட ஓர் அதிகாரி இதைக் கேட்டபோது எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் நம் ஊரில் “போடுறதுக்கு முன்னாடி காட்டுங்க” என்றால் அதற்கு அர்த்தமே வேறு. அவரோ ஓர் ஆண்டை மட்டும் திருத்திவிட்டு, தன் துறையைப் பற்றித் தானே சொன்ன கடுமையான விமர்சனத்தை அப்படியே விட்டுவிட்டார். நம்மூரில் இந்த விதி நாளைக்கே வந்தால் பேட்டியின் பாதி வரிகள் காணாமல் போகும் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் விவாதிக்க வேண்டிய விதி இது.

அடுத்தது ஆவணங்கள். ஃபின்லாந்து சுவீடனின் பகுதியாக இருந்த காலத்தில், 1766லேயே அச்சுச் சுதந்திரச் சட்டம் வந்துவிட்டது, அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையும் அதில் அடக்கம். அதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஆன்டெர்ஸ் சீடேனியுஸ் என்ற பாதிரியார். இப்போது நடைமுறையில் உள்ளது 1999இல் இயற்றிய சட்டம்: கேட்ட ஆவணத்தை இரண்டு வாரத்துக்குள் தர வேண்டும், வேலை அதிகம் என்றால் ஒரு மாதம். பொதுவாக, ஏன் கேட்கிறீர்கள் என்றோ, யார் நீங்கள் என்றோ கூடச் சொல்லத் தேவையில்லை. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 30 நாள் என்கிறது, பத்து ரூபாய் கட்டணம் கட்டி, பதில் அனுப்ப முகவரியும் கொடுக்கிறோம். அந்த முகவரியால் மிரட்டலுக்கு ஆளானவர்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறோம், அதனால் பெயர் சொல்லாமல் கேட்கலாம் என்ற ஒரு வரியின் மதிப்பு நமக்குத்தான் நன்றாகப் புரியும்.

நவம்பர் தொடக்கத்தில் வரி நாள் என்று ஒன்று வரும். முந்தைய ஆண்டில் யார் எவ்வளவு சம்பாதித்தார்கள், எவ்வளவு வரி கட்டினார்கள் என்ற விவரம் அன்று பொதுவெளிக்கு வரும். பத்திரிகைகள் அதற்காகவே காத்திருந்து, பெரிய வருமானக்காரர்களின் பட்டியலைப் போடுகின்றன. இது வெறும் வேடிக்கை பார்க்கும் ஆசையா, பொது நலனா என்று வகுப்பில் பெரிய சண்டையே நடந்தது. நான் பொது நலன் பக்கம்.

எல்லாம் பொன்னுலகம் என்று நினைத்துவிட வேண்டாம். ராணுவ உளவு மையம் ஒன்றைப் பற்றி ஹெல்சிங்கின் சனோமத் நாளிதழ் 2017 டிசம்பரில் வெளியிட்ட செய்திக்காக, 2023 ஜனவரியில் இரண்டு செய்தியாளர்களைக் குற்றவாளிகள் என்று மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் அந்த ஆண்டு முதல் ஐந்து இடங்களுக்குள் இருந்த நாட்டில் இது நடந்தது. அந்த வழக்கைப் பற்றி அங்கேயே உட்கார்ந்து, அந்நாட்டு மாணவர்களோடு வாதாடியது இந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த விஷயம்.

வாழ்க்கைச் செலவு, சரி, சுருக்கமாக. பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால் அங்கே கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் குடியிருப்பு அனுமதிக்கு மாதம் 800 யூரோ வீதம் கையிருப்பு காட்ட வேண்டும். அரசு மானியம் உள்ள மாணவர் உணவகத்தில் ஏறக்குறைய 3 யூரோவுக்குச் சாலட், ரொட்டியோடு மதியச் சாப்பாடு கிடைக்கும், காரத்துக்கு ஊறுகாய் கொண்டுபோங்கள். எனக்குக் கிடைத்த அறையில் கட்டில் கூட இல்லை, விளம்பரத்தில் அதைச் சின்ன எழுத்தில்தான் போட்டிருந்தார்கள், ஆகவே அறை ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். டிசம்பரில் பகல் வெளிச்சம் ஐந்து மணி நேரம் சொச்சம்தான். மனசு சோர்ந்துபோகும், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மொழிக்கு ஒரு வழி உண்டு. பொது ஒலிபரப்பு நிறுவனமான ஊலே, எளிய ஃபின்னிஷில் மெதுவாக வாசிக்கும் செய்தியைத் தினமும் தருகிறது. கிளம்புவதற்குச் சில மாதம் முன்பே அதைக் கேட்கத் தொடங்கினால் தலைப்புச் செய்தியாவது புரியும், ஆவணம் கேட்கும் கடிதத்தையும் நண்பர்கள் உதவியோடு எழுதிவிடலாம். இலையுதிர் பருவத்துக்கே விண்ணப்பியுங்கள். இருட்டு அதில்தான் அதிகம், ஆனாலும் வரி நாள் நவம்பரில்தானே வருகிறது.