4-க்கு 5 லென்ஸ் வாங்குவோர் கவனத்துக்கு

மதுரையில் பழைய கேமராச் சாமான் விற்கும் ஒருவரிடம் பெரிய ஃபார்மட் லென்ஸ் (4-க்கு 5 அங்குலம் போன்ற பெரிய தாள் ஃபிலிம் போடும் கேமராவுக்கானது) வாங்க எண்ணியிருப்பவர்கள், பணத்தை எடுத்து நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். பெயரைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

"4-க்கு 5 அங்குல ஃபிலிமுக்குத் தாராளமாகக் காணும் அண்ணே" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித்தான் 105 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் பதினாலாயிரம் ரூபாய்க்கு என் தலையில் கட்டினார். ஒத்தக்கடையில் முக்காலியை நிறுத்தி, லென்ஸின் துவாரத்தை எஃப் 22 அளவுக்குச் சுருக்கி யானைமலையை எடுத்தேன். நெகடிவைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தால் நான்கு மூலையிலும் வில்லாக வளைந்த ஒரு விளிம்பு. அதற்கு வெளியே துளிக் கருமை இல்லை, வெறும் ஃபிலிம். வானம் இருக்க வேண்டிய மேல்மூலைகளும் அப்படியே. அங்கே ஒளி விழவே இல்லை.

கொண்டுபோய்க் காட்டினேன். "வைட் லென்ஸ் என்றால் ஓரம் இருட்டத்தான் செய்யும், அது இயற்கை விதி. சென்டர் ஃபில்டர் போடுங்கள், எட்டாயிரத்துக்குத் தருகிறேன்" என்கிறார்.

எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான். அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. அந்த உண்மையைக் காட்டியே ஏமாற்றுகிறார். லென்ஸின் நடு அச்சிலிருந்து ஒளி விலகும் கோணம் கூடக் கூட, அதன் கொசைனின் நான்காம் அடுக்குப்படி ஒளி குறையும். சரி, கணக்குப் போடுவோம். இந்த ஃபிலிமின் மூலைவிட்டம் ஏறத்தாழ 153 மி.மீ. 105 மி.மீ. லென்ஸுக்கு மூலை சுமார் 36 டிகிரியில் வரும். மையத்து ஒளியில் 43 சதவீதம் அங்கே இருந்தாக வேண்டும். ஒன்றேகால் ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது), அவ்வளவுதான். பிரிண்ட் போடும்போது சரிக்கட்டிவிடலாம். ஒன்றுமே இல்லாமல் போனதற்கு விதியின் மேல் பழி போட முடியாது.

அழுத்திக் கேட்ட பிறகே வாயைத் திறந்தார்: 6-க்கு 9 செ.மீ. மடக்குக் கேமராவிலிருந்து கழற்றி, பெரிய கேமராவின் முன்புறம் மாட்டும் பலகையில் பொருத்திய லென்ஸாம். அந்தப் படத்தின் மூலைவிட்டமே 100 மி.மீ. அளவுதான். அதற்குச் செய்த லென்ஸின் குழல் விளிம்பு, அகன்ற கோணத்து ஒளியை மறித்துவிடுகிறது. சென்டர் ஃபில்டர் நடுவில் ஒளியைக் குறைக்குமே தவிர, ஒளி வராத மூலைக்கு எங்கிருந்து கொண்டுவரும்? விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்று கைவிரித்துவிட்டார்.

வாங்குமுன் லென்ஸைக் கேமராவில் மாட்டி, தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் செய்து, எஃப் 22-இல் வையுங்கள். கேமராவின் பின்னால் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸின் வெட்டிய மூலையில் கண்ணை வைத்து உள்ளே பாருங்கள். துவாரம் முழுதாகத் தெரிய வேண்டும். பிறையாக நறுங்கியிருந்தாலோ, தெரியவே இல்லை என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். பார்க்க விடமாட்டேன் என்றாலும் அதேதான்.

அதே மாதிரிப் பலகையில் இன்னொரு 105 மி.மீ. லென்ஸ், 4-க்கு 5 என்று எழுதிய சீட்டோடு அவருடைய அலமாரியில் இப்போதும் இருக்கிறது.