குடிநோய்க்கு ஃபாலோ-அப்: ஐந்தாவது ஆண்டில் எழுதுவது

என் அண்ணனுக்கு ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. கோவையில் லேத் பட்டறையில் வேலை. இருபது வருடத்துக்கு மேல் குடித்தவர். இரண்டு மறுவாழ்வு மையங்களில் சேர்த்திருக்கிறோம். இரண்டாவது மையத்தின் ஃபாலோ-அப்பில் இப்போது ஐந்தாவது ஆண்டாக இருக்கிறார். எந்த மையத்தில் சேர்க்கலாம், எவ்வளவு செலவாகும் என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். வெளியே வந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. எங்கள் வீட்டைக் காப்பாற்றியது அந்தப் பகுதிதான் என்பதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதல் மையம் வீட்டுக்கே வண்டி அனுப்பி அண்ணனை ஏற்றிக்கொண்டு போனது. மூன்று மாதம் உள்ளே இருந்தார். திரும்பி வந்தபோது கை நடுக்கம் போய், முகம் தெளிந்து, உடம்பு தேறியிருந்தது. ஆனால் அதன்பிறகு அங்கிருந்து ஒரு போன்கூட வரவில்லை. சில வாரங்களில் பழையபடி ஆனார். நாங்கள் கூப்பிட்டுச் சொன்னபோது மறுபடியும் சேர்க்கச் சொல்லிக் கட்டணத்தைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அண்ணன் ஒவ்வொரு கார்த்திகையிலும் ஐயப்பனுக்கு மாலை போடுபவர். மாலை கழுத்தில் இருக்கும்வரை ஒரு சொட்டுத் தொடமாட்டார். கழற்றிய அன்று சாயங்காலமே டாஸ்மாக்கில் நிற்பார். ஆக, நிறுத்துவது அவருக்குத் தெரிந்த வேலைதான். நிறுத்தியபடியே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைக் கடத்துவதுதான் தெரியவில்லை. இரண்டாவது மையத்தின் கவுன்சிலர் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் மாலை கழற்றும் நாளுக்கு மறுநாளே அவருக்கு ஃபாலோ-அப் தேதி போட்டுவிடுகிறார்.

முதலில் வாரம் ஒருமுறை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை என்று போய், இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. போனால் டாக்டர் பார்ப்பார், தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை எழுதுவார். கவுன்சிலர் அண்ணனிடம் தனியாகப் பேசுவார், அண்ணியிடம் தனியாகப் பேசுவார். தூக்கம் எப்படி, சம்பளம் கைக்கு வந்ததும் எங்கே போனார், யாரோடு சண்டை, அடுத்த மாதம் என்ன விசேஷம் என்று கேட்பார்கள். கல்யாண வீடு, கெடா வெட்டு, சாவு வீடு எல்லாமே ஒரு குடிநோயாளிக்கு ஆபத்தான இடங்கள். அங்கே போய் யார் பக்கத்தில் உட்காருவது, எப்போது கிளம்புவது என்பதுவரை முன்கூட்டியே பேசி வைப்பார்கள். பட்டறையில் சனிக்கிழமை சம்பளம் என்பதால், பணத்தை நேராக அண்ணியின் வங்கிக் கணக்கில் போடும்படி முதலாளியிடம் பேசச் சொன்னதும் கவுன்சிலர்தான். அண்ணன் ஒப்புக்கொண்ட பிறகுதான் நாங்கள் முதலாளியிடம் போனோம்.

மாத்திரை பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். முதலில் கொடுத்தது டைசல்ஃபிராம். குடித்த சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாறும், சாதாரணமாக அது மேலும் சிதைந்து வெளியேறிவிடும். இந்த மாத்திரை அப்படிச் சிதைப்பதைத் தடுக்கிறது. அதனால் மாத்திரை போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் அந்த விளைவு இருக்கும். ஆகவே நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடுதான் கொடுக்கவேண்டும். 'அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று பொடி விற்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தயவுசெய்து வாங்காதீர்கள். இருமல் டானிக், அரிஷ்டம் மாதிரி ஆல்கஹால் கலந்த எதுவும் இந்த மாத்திரையோடு ஆகாது என்பதையும் ஃபாலோ-அப்பில்தான் கற்றுக்கொண்டோம். அண்ணிக்கு மூட்டுவலிக்காக வீட்டில் வைத்திருந்த அரிஷ்டப் புட்டியை அன்றைக்கே அப்புறப்படுத்தினோம்.

அடுத்த வருடம் லிவர் டெஸ்ட்டில் அளவுகள் ஏறியிருந்தன. டாக்டர் டைசல்ஃபிராமை நிறுத்திவிட்டு அகம்ப்ரோசேட்டுக்கு மாற்றினார். அது குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கும் மருந்து, கல்லீரலில் சிதையாமல் சிறுநீரகம் வழியாக வெளியேறும், அதனால் அதற்குமுன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்தார்கள். 333 மில்லிகிராம் மாத்திரை, மூன்று வேளைக்கும் இரண்டிரண்டு. மதிய வேளை மாத்திரை பட்டறையில் அடிக்கடி விட்டுப்போனது, சாப்பாட்டுத் தூக்கிலேயே வைத்துக் கொடுக்க ஆரம்பித்ததும் சரியானது. தொடர்ந்து யாரும் பார்க்காமல் இருந்திருந்தால், பழைய சீட்டை நீட்டி அதே மாத்திரையை வாங்கிக்கொண்டே இருந்திருப்போம்.

அந்த மாற்றம் வருவதற்கு முன்பே, முதல் வருடக் கடைசியில் அண்ணன் ஒருமுறை சறுக்கினார். பங்காளி வீட்டுக் கெடா வெட்டுக்குச் சில வாரம் முன்பே, அண்ணியிடம் சொல்லாமல், மாத்திரையை வாயில் ஒதுக்கித் துப்ப ஆரம்பித்திருக்கிறார். விருந்தில் தொடங்கி நாலைந்து நாள் குடித்தார். ஃபாலோ-அப் தேதியில் போகவில்லை. அன்று சாயங்காலமே கவுன்சிலர் எனக்குப் போன் செய்தார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "குடிச்சிருந்தாலும் பரவாயில்லை தம்பி, திட்டாம கூட்டிட்டு வாங்க. வீட்டுலயே திடீர்னு நிறுத்த விட்டுடாதீங்க, வலிப்பு வரலாம்" என்றார். நாள்கணக்கில் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வர வாய்ப்பு உண்டு. சில நாள் மட்டும் உள்ளே வைத்து, நடுக்கம் அடங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி மூன்று மாதம் என்ற பேச்சே இல்லை, வாராந்தர ஃபாலோ-அப் மட்டும் திரும்ப ஆரம்பித்தது. சர்க்கரை ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை நாம் அவமானப்படுத்துவதில்லை. இங்கேயும் அண்ணனை அப்படியே நடத்தினார்கள். அதன்பிறகு அவர் இன்றுவரை குடிக்கவில்லை.

குடும்பத்துக்கும் தனி வகுப்பு உண்டு. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையில் குடும்பத்தாருக்கான பயிற்சியும் சிகிச்சையில் சேர்த்தி. எங்கள் மையத்திலும் அந்த வழக்கம் இருந்தது. அண்ணன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாயை மோந்து பார்க்கும் பழக்கத்தை அண்ணி அங்கேதான் விட்டார். வருடக்கணக்கில் பயந்தே பழகியவருக்கு அது லேசான காரியமில்லை.

ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற குடிநோயாளிகளின் சுயஉதவிக் குழு மீட்டிங்கையும் ஃபாலோ-அப்பின் பகுதியாகத்தான் நான் பார்க்கிறேன். 1935இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இருவர் தொடங்கியது, இன்று நம்மூரில் தமிழிலேயே நடக்கிறது. கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டால் காசு போடலாம். டாக்டரிடம் சொல்லாததை எல்லாம் அண்ணன் அங்கே சொல்லியிருக்கிறார். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் போனை எடுக்க அவருக்கு அங்கே ஒரு மூத்தவர் இருக்கிறார். மையத்தின் போன் ஆறு மணியோடு ஓய்ந்துவிடும்.

அதுதான் முதல் குறை. குடிக்கவேண்டும் என்ற வெறி ராத்திரியில்தான் வரும். இரண்டாவது, ஃபாலோ-அப் எல்லாம் வேலை நாட்களில்தான், போனால் ஒரு நாள் கூலி போச்சு. தினக்கூலிக்காரர்கள் பாதியில் நின்றுவிடுவதற்கு இது பெரிய காரணம், ஞாயிற்றுக்கிழமை காலை மட்டுமாவது திறந்து வைக்கலாம். மூன்றாவது, கவுன்சிலர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். எங்களுடையவர் இடையில் ஒரு வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டார், புதியவரிடம் அண்ணன் வாயே திறக்கவில்லை. அகம்ப்ரோசேட் எங்கள் பகுதி மருந்துக்கடைகளில் கேட்ட உடனே கிடைப்பதும் இல்லை.

எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின் அறிக்கை 2019இல் வந்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒருவரையும் வாசல்வரை வந்து வழியனுப்பி மறந்துவிட்டால் எப்படி? சேர்ப்பதற்கு முன்பு மையத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஃபாலோ-அப் தேதிக்கு அவர் வராவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். வசதி இல்லாதவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் ராத்திரியிலும் தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 எண்ணும் இருக்கிறது.

தை மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். போன தடவை போனபோது, கல்யாணம் முடியும்வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறேன் என்று அவரே கேட்டுத் தேதி வாங்கி வந்திருக்கிறார். சம்பந்தி வீட்டுக்காரர்களிடம் என்ன சொல்வது என்பதைத்தான் அடுத்த தடவை பேசவேண்டும்.