80 மணி நேர ‘கிளினிக்கல் அனுபவம்’ என்று 1,850 டாலர் வாங்கி ஏமாற்றினார்கள், பணம் கட்டும் முன் படியுங்கள்

அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கப்போகும் பிள்ளைகளும் பெற்றோரும் இதைப் படித்துவிட்டு அப்புறம் யாருக்கும் பணம் அனுப்புங்கள். 1,850 டாலரில் 1,500 திரும்ப வராது என்பது நேற்று மாலை உறுதியாகிவிட்டது.

பெயர் போடவில்லை. ப்ரீமெட் (மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராகும்) மாணவர்களுக்கு டாக்டர்களிடம் ஷேடோயிங் (அவர்கள் வேலை செய்வதைக் கூடவே இருந்து பார்ப்பது) ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லும் இணையதளம், அவ்வளவுதான். தங்கைக்கு மார்க் இருக்கிறது, எம்கேட் (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) எழுதியாயிற்று, கிளினிக்கல் மணிக்கணக்குதான், அதாவது மருத்துவமனைச் சூழலில் இருந்த நேரம்தான், குறைவு. ஜூனில் ஆம்காஸ் (மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பச் சேவை) விண்ணப்பம் அனுப்பியாக வேண்டும். இந்த அவசரத்தில் இருப்பவர்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள்.

நம்பியது எங்கே என்றால், வீடியோ காலில் பேசிய ‘ஆலோசகர்’ விண்ணப்பப் படிவத்தையே மனப்பாடமாகச் சொன்னார். செயல்பாடுகள் பகுதியில் 15 பதிவுகள் வரை போடலாம், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து, முக்கியமான மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்து என்று மளமளவென்று சொன்னதும், விஷயம் தெரிந்தவர் என்று நினைத்துவிட்டோம். அத்தனையும் ஆம்காஸ் எல்லோருக்கும் வெளியிடும் வழிகாட்டியிலேயே இருக்கிறது. அதை ஒப்பிப்பவருக்கு ஒரு டாக்டரையாவது தெரியும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 350 டாலர் முன்பணத்தை கார்டில் வாங்கினார்கள். மீதியை ஸெல் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை) வழியாக அனுப்பினால் 5 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். தள்ளுபடி போக 1,500 அனுப்பினோம். மொத்தம் 1,850.

பணம் போன மறுநாளே பேச்சு மாறியது. தடுப்பூசி விவரம் போதாது, டிபி ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிகள் இதையெல்லாம் கேட்பது வழக்கம் என்பதால் சந்தேகம் வரவில்லை. எல்லாம் அனுப்பிய பிறகு ‘ஆன்போர்டிங் டீம் (புதிதாகச் சேர்பவர்களைக் கவனிக்கும் குழு) பார்க்கிறது’ என்றார்கள். அப்புறம் டிக்கெட் நம்பர், அப்புறம் வெயிட்லிஸ்ட். ஆலோசகர் போனையே எடுப்பதில்லை. மூன்றாவது வாரம் ஒரு லிங்க் வந்தது. 80 மணி நேரத்தில் 60 மணி நேரம் பதிவுசெய்த வீடியோ! மீதி 20 மணி நேரத்துக்குக் கொடுத்த கிளினிக்குக்கு போன் செய்தால், அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது என்றார்கள். பணத்தைக் கேட்டோம். 14 நாள் கெடு முடிந்துவிட்டதாம். கெடுவைப் பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணுவார்களாம், பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து இல்லையாம். அந்த 14 நாளையும் ‘ஆன்போர்டிங்’ என்று இழுத்தடித்துக் கழித்ததே அவர்கள்தான்.

இதைவிட ஆபத்தானது நேற்று வந்தது. 80 மணி நேரமும் முடித்துவிட்டதாக ஒரு சான்றிதழை மின்னஞ்சலில் அனுப்பி, ‘இதையே விண்ணப்பத்தில் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

தயவுசெய்து போடாதீர்கள். ஒவ்வொரு பதிவிலும் விசாரிப்பதற்கான ஆளின் பெயரும் தொடர்பு விவரமும் தர வேண்டும். இந்தச் சான்றிதழில் இருப்பது டாக்டரின் விவரம் இல்லை, கம்பெனியின் மின்னஞ்சல். செய்யாத மணி நேரத்தைச் செய்ததாக எழுதி அது வெளியே வந்தால், அது விண்ணப்பத்தில் பொய்த் தகவல். அதற்கு விசாரணை உண்டு, அதன் முடிவு கல்லூரிகளுக்குப் போகும். மணிக்கணக்கு குறைவாக இருக்கும் விண்ணப்பத்தை அடுத்த வருடம் சரிசெய்யலாம், இதைச் சரிசெய்ய முடியாது. அப்படியே யாரும் விசாரிக்காவிட்டாலும், நேர்முகத்தில் ‘மறக்க முடியாத ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் வீடியோவைப் பார்த்தவர் என்ன சொல்வார்?

இன்னொரு குழப்பத்தையும் இவர்கள் வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். ஷேடோயிங் என்பது டாக்டர் பக்கத்தில் நின்று பார்ப்பது. நோயாளியோடு நேரடியாகப் பழகி வேலை செய்வது வேறு. படிவத்திலேயே இரண்டும் தனித்தனி வகை. 80 மணி நேரமும் நேரில் நின்று பார்த்திருந்தாலும், நோயாளிகளோடு வேலை செய்த அனுபவம் இல்லாத குறை அப்படியேதான் இருந்திருக்கும். 1,850 டாலர் கொடுத்துத் தவறான பொருளை வாங்கப் பார்த்திருக்கிறோம்.

காசில்லாமல் இதற்கு வழி இருக்கிறது. ஹாஸ்பிஸ் (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும்) நிறுவனங்கள் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விதிப்படி நோயாளிப் பராமரிப்பு நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்துக்கு ஈடாகத் தன்னார்வலர்களைப் பயன்படுத்த வேண்டும். அதனால் அவர்களுக்கு ஆள் எப்போதும் தேவை, பயிற்சியும் அவர்களே தருவார்கள். நர்ஸ் உதவியாளர் வேலைக்கு மத்திய அரசு விதிப்படி குறைந்தபட்சப் பயிற்சி 75 மணி நேரம், அதில் 16 மணி நேரம் மேற்பார்வையில் செய்முறை. மாநிலத்தைப் பொறுத்து கூடும். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்று வேலைக்கு எடுத்த பிறகு அந்தப் பயிற்சியில் சேர்ந்தால் கட்டணம் வாங்கவே கூடாது என்று விதி இருக்கிறது. ஷேடோயிங் வேண்டுமென்றால் குடும்ப டாக்டரிடமே கேளுங்கள். முடிக்காத மணி நேரத்தை, இனி செய்யப்போவது என்று ஆம்காஸில் தனியாகக் காட்டவும் இடம் உண்டு. பொய் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

ஒவ்வொன்றையும் விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கட்டும் முன் கிளினிக்கின் நம்பரை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள், அவர்கள் கொடுக்கும் நம்பரில் பேசாதீர்கள். டாக்டரின் பெயரைச் சொல்ல மறுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் திருப்பித் தரும் கெடு எந்த நாளில் தொடங்குகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டில் நோயாளிக்கு ஊசி போடலாம், தையல் போடலாம் என்று ஆசை காட்டினால் அந்தப் பக்கமே போகாதீர்கள், பயிற்சி இல்லாமல் செய்தது விண்ணப்பத்தில் உங்களுக்கே எதிராகத் திரும்பும். ஸெல்லில் அனுப்பவே அனுப்பாதீர்கள். நாமே விரும்பி அனுப்பிய பணம் என்று வங்கி கைவிரித்துவிட்டது, 1,850-இல் 1,500 அப்படித்தான் போனது.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகை முதன்முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் உங்கள் மறுப்பு கார்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போனில் சொன்னால் மட்டும் போதாது, கடிதமாக அனுப்புங்கள். பணம் கட்டும் முகவரிக்கு அனுப்பாதீர்கள், பில் தகராறுகளுக்கென்று ஸ்டேட்மென்டில் தனி முகவரி போட்டிருப்பார்கள். மீதி 350-க்கான கடிதம் இன்று காலை தபாலில் போயிருக்கிறது.